எண்ணெய்ச் சட்டி வைக்காத கிறிஸ்துமஸ்

என்னங்க,

ரசத்தைச் சுட வெச்சுச் சாப்பிடுங்க. பிரியாணிக்குச் சொல்லி வெச்ச கறியை வேண்டாம்னு சொல்ல, குரோம்பேட்டை பாய் கடைக்குப் போறேன்.

பிரியாணி, கல்கல், அச்சு முறுக்குன்னு நான் எழுதின லிஸ்ட்டை மொத்தமா அடிச்சுட்டீங்க. "பொண்ணு செத்துட்டா. செத்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது"ன்னீங்க. டெபோரா எங்கங்க செத்தா? நமக்குப் பிடிக்காத எழிலைக் கட்டிக்கிட்டு மறைமலை நகர்லதான் இருக்கா.

நேத்து போன் வந்ததே, அது அவதான். "அம்மா, கல்கல்லுக்குத் தேங்காய்ப்பால் எவ்ளோ ஊத்தணும்?"னு கேட்டா. நீங்க ஹால்ல உட்கார்ந்திருந்தீங்க. "ராங் நம்பர்"னு சொல்லி வெச்சுட்டேன். மறுபடி அவ கூப்பிடலை.

ஹில்டா

பின்குறிப்பு: மாடி வீட்டு ஷீலா, எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடாச்சேன்னு ஒரு தூக்கு நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டு வந்தாங்க. அவங்ககிட்டயும் சொல்லிட்டீங்களா? வெறும் தூக்கைத் திருப்பித் தரக் கூடாதேன்னு அதுல கொஞ்சம் சர்க்கரை போட்டேன். "துக்க வீட்டுல எதுவும் போட்டுத் தரக் கூடாதுக்கா"ன்னாங்க.

சர்க்கரையை டப்பாவுல கொட்டிட்டு, வெறும் தூக்கைக் கொடுத்துட்டேன்.