குளியலறைக் கதவின் அகலம்

இன்று அலுவலகத்தில் எனக்குப் புதுக் கணினி தந்தார்கள். பழையதிலிருந்து கோப்புகளை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒன்று மட்டும் உடனே திறக்கவில்லை. பழைய பதிப்பில் செய்தது, புதியதற்கு மாற்றவா என்று கேட்டது. கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் உன் பெயர். மாற்றினால் அங்கே என் பெயர் வந்துவிடும். 'ஆம்' என்பதை அழுத்தக் கை வரவில்லை. எழுந்துபோய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தேன். கேள்வி திரையில் அப்படியே நின்றிருந்தது. அழுத்தினேன். உன் வீட்டுக் குளியலறை வந்தது.

கோலாலம்பூரில் வயரிங் வேலையில் சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் நீ மந்தின் ஊருக்குப் பக்கத்தில் நம் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம்தான் எனக்கும் தொழிற்சாலையில் வேலை போனது. உனக்கும் எனக்கும் ஒரே வயது, முப்பத்து நான்கு. "உக்காந்து செய்ற வேல எதாச்சும் பாப்போம்டா" என்றாய். சிரம்பானில் கணினியில் கட்டட மாடல் செய்யக் கற்றுத்தரும் மூன்று மாத வகுப்பைத் தேடிப் பிடித்ததும் நீதான்.

வகுப்பு ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. நான் உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறுவேன், கூடப் படித்தவர்கள் உன் சக்கர நாற்காலியை மடக்கி எடுத்து வருவார்கள். படித் திருப்பத்தில் நான் மூச்சு வாங்கும்போது என் காதோரம் சொல்வாய்: "கட்டடம் கத்துக் குடுக்கிற எடத்துலயே லிஃப்ட் இல்ல பாத்தியா."

முதல் வாரம் எனக்கு ஒன்றுமே ஏறவில்லை. சுவர் என்றால் இரண்டு கோடு என்று நினைத்து இழுத்தேன். கூரை போட்டதும் சுவர் பாதியில் நின்றது, ஜன்னல் தரைக்குள் புதைந்தது. நீ எட்டிப் பார்த்துச் சிரித்தாய். "கோடு இல்லடா, அது சுவரு. உள்ள கல்லு இருக்கு, மேல பூச்சு இருக்கு. மொதல்ல மட்டம் வையி. தரை எங்க, கூரை எங்கன்னு சொல்லிட்டு அப்பறம் சுவர எழுப்பு." பத்து வருஷம் கட்டடங்களுக்குள் வயர் இழுத்தவன் நீ. திரையில் ஒரு சுவரைப் பார்த்தால் அதற்குள் குழாய் எந்தப் பக்கம் போகும் என்பதும் உனக்குத் தெரிந்தது. நான் உன்னைப் பார்த்துத்தான் தேறினேன்.

பிறகு இருவருமே சிரம்பானில் ஒரு சிறிய வரைபட அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். அதுவும் மாடியில்தான். உன் வேலையைப் பார்த்துப் பாராட்டினார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். உன்னைக் கூப்பிடவில்லை. செய்தி சொல்ல வந்த நான் வாசலிலேயே நின்றேன். "எவனாச்சும் ஒருத்தன் உள்ள போனா போதும்லா, வா, சாப்பிடு" என்றாய்.

ஆறு மாதத்தில் தோட்டம் கைமாறியது. லயத்துக் குடும்பங்களுக்கு மாற்று வீடு என்று நாற்பது வீடுகள். அந்த வேலை எங்கள் அலுவலகத்துக்கே வந்தது, என் மேசைக்கே வந்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீடு கிடைக்கப்போகிறவர்களுக்குக் கொடுத்த வரைபடத்தை வைத்து நீ உன் லேப்டாப்பில் அதே வீட்டை எழுப்பி, உன் சக்கர நாற்காலியையும் அளவெடுத்துச் செய்து உள்ளே தள்ளிப் பார்த்தாய். குளியலறை வாசலில் அது நின்றுவிட்டது.

"கதவு எழுநூறு மில்லின்னு போட்டிருக்கு. நெலைக்கட்டைய கழிச்சா வழி அறுநூத்தி இருவதுதான்டா. என் நாற்காலியே அறுநூத்தி அம்பது. மூணு சென்டி. நான் எப்படி உள்ள போவேன்?"

மறுநாள் நானே கதவைத் தொள்ளாயிரமாக மாற்றினேன். இந்த வேலையில் ஒரு வகைக் கதவை ஓர் இடத்தில் மாற்றினால் போதும், அந்த வகைக் கதவு எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் மாறிவிடும். நாற்பது வாசல்களும் ஒரே நொடியில் அகலமாயின. அன்று மத்தியானம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்று மணிக்கு முதலாளி கூப்பிட்டார். கதவுப் பட்டியல் கையில் இருந்தது. "சியாப்பா சுரு துக்கார்?" என்று கேட்டார். யார் மாற்றச் சொன்னது? உன்னைப் பற்றிச் சொன்னேன். ஒரே ஒரு வீட்டுக்காவது, உன் வீட்டுக்கு மட்டுமாவது, என்று கெஞ்சினேன். அவர் கெட்டவரில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நகராண்மைக் கழகம் அனுமதி கொடுத்தாகிவிட்டது, ஒரு வீடு மாறினாலும் எல்லாவற்றையும் மறுபடி அனுப்ப வேண்டும், வீடுகளைக் கட்டும் மேம்பாட்டாளர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். மேசைக்குத் திரும்பி எழுநூறு என்று தட்டினேன். நாற்பதும் சுருங்கின.

உன்னிடம் வந்து சொன்னேன். "நீ என்னாடா பண்ணுவ. விடுலா" என்றாய். பிறகு லேப்டாப்பை இழுத்துக்கொண்டு, சாவி கிடைத்ததும் அந்த வாசலை நாமே இடித்துப் பெரிதாக்குவது எப்படி என்று செய்ய ஆரம்பித்தாய். எந்தக் கல் வரை உடைப்பது, மேலே உத்தரம் எவ்வளவு நீளம், சுவிட்ச் எங்கே நகரும் என்று எல்லாம் நீ எனக்கு அனுப்பிய இந்தக் கோப்பில் இருக்கிறது. சுவிட்சை உட்கார்ந்தபடியே உன் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறாய். அதை இன்றுதான் கவனித்தேன்.

சாவி வருவதற்குள் உனக்குப் படுக்கைப் புண் கண்டது. மூன்றாம் நாளே காய்ச்சல். சிரம்பான் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். கடைசியாகச் சுயநினைவோடு பேசியபோதும் என்னிடம் கேட்டது, "வீட்டுக்கு ஓடு போட்டுட்டாங்களா?" என்றுதான். போட்டுவிட்டார்கள் என்றேன்.

வீடு திறந்த அன்று அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். அறுநூற்று இருபது. நீ சொன்னது ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. எங்கேயாவது மேஸ்திரி கை தவறி ஐந்து சென்டி கூட்டிக் கட்டியிருக்கக் கூடாதா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதும் எந்த வீடு வந்தாலும், சுவர் எழுப்புமுன் குளியலறையில் ஒரு சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்கு வட்டம் போட்டுக்கொள்கிறேன். அநேகமாக அச்சுக்குப் போகுமுன் அதை நானே அழிக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். முட்டிவலி அதிகமாகிவிட்டது அவருக்கு. குளியலறைக்குள் போகும்போது இரண்டு கைகளையும் விரித்து நிலையின் இரு பக்கமும் பிடித்துக்கொண்டார். நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். "வாசல் குறுகலா இருக்கிறதும் நல்லதுதான் தம்பி. ரெண்டு பக்கமும் புடிக்கத் தோதா இருக்கு."

"ஆமாம்மா" என்றேன்.

அந்தக் கதவைப் போட்ட கை என்னுடையது என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னேன், நீ 'விடுலா' என்றுவிட்டாய். அவரிடம் சொன்னாலும் அதையேதான் சொல்வார். அதனால்தான் சொல்ல முடியவில்லை.