மொட்டைமாடியில் கேட்டது

அன்பு மகள் கார்த்திகாவுக்கு அப்பா எழுதுவது. ஜெர்மனியில் நீ சுகமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுத எனக்கு முழு மனம் வரவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

தீவில், நம் குட்வில் எஸ்டேட்டில், விடாத மழை. நீ போனில் சொன்னபடியே செய்தேன். உங்கள் செயற்கைக்கோள் பூமத்தியரேகையை ஒட்டியே சுற்றுவதால் ஜெர்மனி வானத்துக்கு வருவதே இல்லை, நீங்கள் வாடகைக்கு எடுத்த தரைநிலையமும் பழுது, அதனால் அப்பா, அதன் சிக்னல் வருகிறதா என்று உங்கள் ரேடியோவில் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள், இந்த வாரமும் சத்தம் இல்லையென்றால் பேட்டரி போய்விட்டதென்று திட்டத்தை மூடிவிடுவார்கள், நானும் ஊருக்கு வந்துவிடுவேன் என்றாய். அது நம் தலைக்கு மேல் வரும் நேரம் பார்த்து தினமும் ஆன்டெனாவோடு மொட்டைமாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, மாஸ்டர்ஜி, மீன் முள்ளைத் தூக்கிக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க, காக்காகூட வராது என்று சிரிப்பாள். ஒன்றும் கேட்கவில்லை. ரேடியோவும் பழையது, என் காதும் பழையது, தவறு என்னுடையதாகத்தான் இருக்கும் என்று அபர்டீன் பஜாரில் புதுக் கேபிள் வாங்கி மாற்றிப் பார்த்தேன். அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து, இன்னைக்கும் இல்லைதானே என்று கேட்டுவிட்டு, உன் அறையைப் பெருக்கப் போவாள்.

நேற்றுப் பிற்பகல் மழை சற்று விட்டபோது கேட்டது. சாத்தம் துறைமுகப் பக்கம் ஏதாவது கப்பலின் ரேடியோவாக இருக்கும் என்று முதலில் நம்பவில்லை. ஆன்டெனாவை வேறு பக்கம் திருப்பினேன், சத்தம் போயிற்று, திரும்பக் கொண்டுவந்தேன், வந்தது. செயற்கைக்கோள் கிழக்கே இறங்க இறங்க சுருதியும் நீ சொன்ன மாதிரியே தாழ்ந்துகொண்டு போனது. அப்படியும் சந்தேகம் தீராமல் ஹெட்போனை அம்மாவின் காதில் வைத்தேன். நடுவில் பேச்சியம்மா கீழிருந்து ஏதோ கூப்பிட, சும்மா இரு என்பதுபோல் அம்மா கையைத் தூக்கினாள். கடைசிவரை கேட்டாள். பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டு, எனக்கு ஒண்ணும் கேக்கலைங்க, வெறும் காத்து இரைச்சல் என்றாள்.

ஒலிப்பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பேட்டரி உயிரோடு இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது, நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். திட்டம் தொடர்ந்தால் இப்போதைக்கு நீ வர முடியாது என்று தெரிந்துதான் அனுப்புகிறேன். இனி எழுதப்போவது, அம்மா எழுதவே கூடாது என்று சொன்னது. அவளுக்கு இதய வால்வு சுருங்கியிருக்கிறதாம். மெயின்லேண்டுக்குப் போய் ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொண்ணு வரட்டும், அவகூடப் போறேன், உங்களுக்கு ஏர்போர்ட்லயே கை நடுங்கும் என்கிறாள். அதுவும் பொய்யில்லை. சத்தம் கேட்டதை மறைத்தால் நீ வந்துவிடுவாய், அம்மாவின் நோயை மறைத்தால் நீ நிம்மதியாக வேலை பார்ப்பாய். எதை மறைப்பது என்று தெரியாமல் இரண்டையும் எழுதிவிட்டேன். நான் செய்தது சரியா என்று தெரியவில்லை மகளே.

கடவுள் உனக்குத் துணையிருக்கட்டும், தீர்க்காயுளோடு இரு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மாவோடு பேசும்போது என்ன வேண்டுமானாலும் கேள், அந்தச் சத்தம் கேட்டதா என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
குழந்தைவேலு