முப்பத்திரண்டு துப்பாக்கிகளில் ஒன்று

ஸ்டில்லர் க்ரீக், விஸ்கான்சின்
செப்டம்பர் 9, 2019

அன்புள்ள ஆர்லிஸ்,

நலமா? ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால் தபால்தலை வாங்கினேன். கடைசியாக நான் கடிதம் என்று எழுதியது வருமான வரி அலுவலகத்துக்கு. அவர்களும் பதில் போடவில்லை.

விஷயம் இதுதான். நீ டெபுடியாக வேலை பார்த்த ஷெரிஃப் அலுவலகத்தில் எல்லோருக்கும் புதுத் துப்பாக்கி வந்துவிட்டது. பழையதை மொத்த வியாபாரியிடம் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். அவனிடமிருந்து முப்பத்திரண்டையும் என் துப்பாக்கிக் கடைக்கு வாங்கிவிட்டேன். போலீஸ் வைத்திருந்த துப்பாக்கி என்றால் சனங்களுக்குத் தனி ஆசை. உறையில் உரசி உரசி வெளியே தேய்ந்திருக்கும், உள்ளே புதுசு மாதிரி இருக்கும், விலையும் பாதி. முதல் வாரத்திலேயே பதினொன்று போய்விட்டது.

பெட்டியைப் பிரித்த அன்றே உன்னுடையது கையில் வந்தது. பிடியின் இடப்பக்கம் நீளமாக ஒரு வெட்டு. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்த துப்பாக்கி எனக்குத் தெரியாதா? தனியே எடுத்து வைத்து, மூன்று வாரமாகத் துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பரிசாகத் தர ஆசை. ஆனால் நீ நேரில் வரவேண்டும். கடையில் படிவம் நிரப்பி, மாநில அலுவலகத்துக்கு நான் ஃபோன் போட்டுச் சரி என்று கேட்ட பிறகுதான் கையில் தரமுடியும். சட்டத்தை நான் எழுதவில்லை.

அன்புடன்,
வெர்லின்


பேஃபீல்ட்
செப்டம்பர் 16

வெர்லின்,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து முன்பைவிட மோசம். நான் நலம். ஏரிக்கரையில் ஒரு ஆப்பிள் தோட்டத்தில் வாரம் மூன்று நாள் வேலை. கடையில் சும்மா உட்கார நேரம் கிடைத்ததும் பிரிந்துபோன மனைவி ஞாபகம் வந்ததோ?

ஒரு கெட்ட செய்தி சொல்லட்டுமா? அந்த வெட்டு விழுந்த துப்பாக்கி என்னுடையது இல்லை. அது டென்னிஸ் ப்ரூஸ்கியுடையது. கார் கதவில் வைத்துச் சாத்திவிட்டு அலுவலகம் முழுக்கக் கத்தினான். உனக்கு ஆகவே ஆகாத டென்னிஸின் துப்பாக்கியை மூன்று வாரமாகக் கொஞ்சியிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தோட்டத்தில் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து மரத்திலிருந்தவள் ஏணியை விட்டு இறங்கி வந்து என்ன என்று கேட்டாள்.

எனக்குத் துப்பாக்கி வேண்டாம். வேலையை விட்டபோது திருப்பிக் கொடுத்தேன், அதோடு முடிந்தது. ஆனாலும் என்னுடையதன் எண் 417 என்று முடியும். யாரிடம் போயிருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுது.

ஆர்லிஸ்


ஸ்டில்லர் க்ரீக்
செப்டம்பர் 24

அன்புள்ள ஆர்லிஸ்,

டென்னிஸின் துப்பாக்கியை அன்றே கண்ணாடிப் பெட்டியின் கடைசி மூலையில் போட்டுவிட்டேன். கையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

417 போய்விட்டது. விற்பனைக்கு வைத்த இரண்டாம் நாளே பெர்னடெட் ஸாஸ்ட்ரோ வாங்கியிருக்கிறாள். வடக்குச் சாலையில் பால்பண்ணை வைத்திருக்கிறாளே, கணவன் இறந்த பிறகும் மாட்டை விற்க மாட்டேன் என்றவள், அவளேதான். நேற்று நேரிலேயே போனேன். தொழுவத்தில் இருந்தாள்.

“ஸாஸ்ட்ரோ அம்மா, அன்னைக்கு வாங்கினீங்கல்ல, அந்தத் துப்பாக்கியத் திருப்பித் தரீங்களா? அதைவிட நல்லதா ஒண்ணு தரேன்.”

“ஏன், அதுல என்ன கோளாறு?”

“கோளாறு ஒண்ணும் இல்லை. அது ஆர்லிஸோடது.”

வாளியைக் கீழே வைத்தாள். “எந்த ஆர்லிஸ்? நம்ம டெபுடி ஆர்லிஸா?”

“ஆமா.”

“அப்படின்னா தரவே மாட்டேன் போ.”

நான் முழித்தேன். அவள் பொரிந்து தள்ளினாள். “வேலி உடைஞ்சு என் பதினாலு மாடும் ஹைவேல நிக்குது. பனி கொட்டுது. நீங்க ஆம்பளைங்க எல்லாம் கார் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு ஹாரன் அடிச்சீங்க. அவ ஒருத்திதான் இறங்கி, ஒவ்வொண்ணா ஓட்டிக்கிட்டு வந்தா. கடைசி மாடு நகரல. ‘மேடம், கொஞ்சம் வழி விடுங்க’ன்னா. அந்த மாடும் நகந்துச்சுப்பா. அவ இடுப்புல இருந்த சாமானை நான் உனக்குத் திருப்பித் தரணுமா?”

அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை என்றேன். நம்பவில்லை.

வெர்லின்


பேஃபீல்ட்
அக்டோபர் 2

வெர்லின்,

உன்னை யார் போகச் சொன்னது? யாரிடம் என்று எழுதச் சொன்னேன், தொழுவத்தில் போய் நிற்கச் சொல்லவில்லை. பாவம், அவளைத் தொந்தரவு செய்யாதே. அந்த மாட்டை நான் மேடம் என்று கூப்பிட்டது உண்மைதான். வேறு எதற்கும் மசியவில்லை.

அவள் அதை எங்கே வைத்திருக்கிறாள்? பூட்டி வைக்கிறாளா? யாராவது வந்தால் எடுத்துக் காட்டுகிறாளா? அதை மட்டும் கேட்டுச் சொல்.

இங்கே காற்று மாறிவிட்டது. ஆப்பிள் ஒரு பெட்டி தனியே அனுப்பியிருக்கிறேன். அடிபட்டதைத்தான் அனுப்பியிருக்கிறேன், பெருமைப்பட வேண்டாம்.

ஆர்லிஸ்


ஸ்டில்லர் க்ரீக்
அக்டோபர் 15

அன்புள்ள ஆர்லிஸ்,

ஆப்பிள் வந்தது. அடிபட்டதாக ஒன்றுகூட இல்லை. அதைச் சொல்லிக்காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

மறுபடி பெர்னடெட் வீட்டுக்குப் போனேன். துப்பாக்கியை ரொட்டி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடையிலிருந்து ஒரு இரும்புப் பெட்டி கொண்டுபோய்ச் சுவரில் அடித்துப் பூட்டுப் போட்டுக் கொடுத்தேன். இப்போது பத்திரம். அப்படியே இன்னொரு தடவை பேரம் பேசிப் பார்த்தேன். புதுத் துப்பாக்கி, இரண்டு பெட்டி தோட்டா, குளிர்காலம் முழுக்க அவள் வாசலில் பனி அள்ளுவது என்றெல்லாம் சொன்னேன். “பனி அள்ள வா, வேண்டாங்கல. துப்பாக்கி வேணும்னா அவளே வந்து கேக்கட்டும்” என்றுவிட்டாள்.

ஒன்று கேட்கட்டுமா? வேண்டாம் என்கிறாய். ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும் அதைப் பற்றியே விசாரிக்கிறாய். நாம் பிரிந்தபோதும் எனக்கு இப்படித்தான் இருந்தது. ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது. நான் ஓயாமல் பேசுவதுதான் காரணம் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை. கடிதத்தில் கேட்பது சுலபமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வெர்லின்


பேஃபீல்ட்
நவம்பர் 3

அன்புள்ள வெர்லின்,

நேற்று பெர்னடெட் வீட்டுக்குப் போய் வந்தேன். உன் கடை வழியாகத்தான் போனேன். வாசலில் ஏணி போட்டு விளக்கு மாற்றிக்கொண்டிருந்தாய். வண்டியை நிறுத்தவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

காபியும் கேக்கும் வைத்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, துப்பாக்கியை என் முன்னால் மேஜையில் வைத்தாள். “எடுத்துப் பாரு, உன்னோடதுதானே.” என் கை மேஜைக்குக் கீழேயே இருந்தது. மேலே வரவில்லை.

அவள் அதைக் கவனித்துவிட்டாள். “ஏம்மா, யாரையாவது சுட்டுட்டியா?”

“இல்லை. சுட இருந்தேன்.”

அவளிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

2012 பிப்ரவரி, ஒரு மத்தியானம். ஐவர் ஸ்டென்ருட் என்ற கிழவர், ஆற்றோரம் டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தவர். அப்பா இரண்டு நாளாக ஃபோன் எடுக்கவில்லை என்று மில்வாக்கியிலிருந்து மகள் கூப்பிட்டாள். போய்த் தட்டினேன், கத்தினேன், பதில் இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே போனால், சமையலறையில் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கிறார். ஏதோ ஒரு இரைச்சல். “ஷெரிஃப் ஆபீஸ்” என்று கத்தினேன். சட்டென்று திரும்பினார். கையில் கறுப்பாக ஒன்று, நேராக என் நெஞ்சைப் பார்த்து. என் துப்பாக்கி எப்போது உறையைவிட்டு வந்தது என்று எனக்கே தெரியாது. விரல் விசையில் இருந்தது. பாதி அழுத்திவிட்டேன். அப்போது சூடான காற்று முகத்தில் அடித்தது.

முடி உலர்த்தும் இயந்திரம், வெர்லின். உறைந்துபோன தண்ணீர்க் குழாயை உருக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்காது.

துப்பாக்கியை உறையில் போட்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியாது. பார்த்திருந்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. காது மெஷினைத் தேடி மாட்டிக்கொண்டு, தரை ஈரமாக இருப்பதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். காபி போட்டுக் கொடுத்தார். குடித்தேன். மகளுக்கு ஃபோன் போட்டு, அப்பா நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது, கடைக்குப் புதிதாக வந்த துப்பாக்கி ஒன்றைப் பற்றி நீ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். “விசை அவ்வளவு மென்மை, தொட்டாப் போதும்” என்றாய். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். அதற்குப் பிறகு அந்த அறையிலேயே இருந்துவிட்டேன். பிறகு ஊரையே விட்டு வந்துவிட்டேன். நீ பேசியது காரணம் இல்லை. நான் பேசாததுதான். மூன்று வருஷம் பக்கத்து அறையில் இருந்துகொண்டு உன்னிடம் சொல்லாததை, மாட்டுக்காரி ஒருத்தியிடம் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டேன் என்று என்மேல் எனக்கே எரிச்சல்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “நல்லவேளை நீ நிதானக்காரி. எங்க வீட்டுக்காரனா இருந்தா குழாயையும் சேத்துச் சுட்டிருப்பான்.” நான் சிரித்துவிட்டேன். அந்த விஷயத்தில் சிரிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

துப்பாக்கி அவளிடமே இருக்கட்டும். யாரோ முன்பின் தெரியாதவர் இடுப்பில் அது போகிறதே என்ற பயம் இருந்தது. இப்போது இல்லை. ஆனால் நீ பனி அள்ளுவதாக ஒப்புக்கொண்டாயாம். அவள் அதை மறக்கப்போவதில்லை.

உன்,
ஆர்லிஸ்


ஸ்டில்லர் க்ரீக்
நவம்பர் 9, சனிக்கிழமை

அன்பு ஆர்லிஸ்,

உன் கடிதத்தைத் தபால் நிலையத்திலேயே நின்றுகொண்டு படித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

விசையைப் பற்றி நான் பேசியது எனக்கு ஞாபகமே இல்லை. இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. அதுதான் வெட்கமாக இருக்கிறது. நீ தட்டை எடுத்துக்கொண்டு போனது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். மறுநாள் உப்பைக் குறைத்தேன்.

நாளைக் காலை கிளம்பி அங்கே வருகிறேன். மூன்று மணி நேர வழி. துப்பாக்கியைத் தவிர வேறு என்ன பேசத் தெரியும் எனக்கு என்று யோசித்துக்கொண்டே வருவேன். ஒன்றும் அகப்படாவிட்டால் நீ பேசு, நான் கேட்கிறேன்.

இதை இப்போதே தபாலில் போடுகிறேன். ஆனால் நாளை ஞாயிறு, திங்கள் விடுமுறை. அதனால் வாசலில் மணி அடித்தால் முதலில் கதவைத் திற. வரலாமா என்று கேட்கும் இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேரும்.

வெர்லின்