அத்தானின் கொத்தி

என் பிரியத்துக்குரிய அத்தான்,

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆரியசாலைக் கடையில் மிளகாய் நிறுத்துக்கொண்டே உங்களோடு பேசிக்கொண்டிருந்து முதலாளியிடம் பிடிபட்டேன். "யாருகிட்ட வே பேசுதீரு?" என்றார். "எங்க அத்தான்கிட்ட" என்றேன். நீங்கள் காலமானது அவருக்கும் தெரியும். பாவம், தராசைத் தானே வாங்கிக்கொண்டார்.

நீங்கள் கப்பலில் கரி அள்ளிய காலத்துக் கதையைத்தான் உங்களுக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். குளிர்கடலில் பின்லாந்துக்காரன் ஒருவன் நடுங்கிக்கொண்டே "கொத்தி, கொத்தி" என்றானாம். அவன் பாஷையில் அது வீடு. பாட்டன் பூட்டன் காலத்துச் சொல். பக்கத்தில் நின்ற மாவோரிக்காரன் தன் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டானாம். நியூசிலாந்தில் அவன் சனங்கள் வெள்ளைக்காரன் வாயிலிருந்து 'கோட்' என்ற சொல்லை வாங்கி, அதைக் கொத்தி என்று ஆக்கியிருந்தார்கள்.

"நம்ம குடி, குடிசைகூட அந்த வீட்டுக் கொத்திக்குச் சொந்தமா இருக்கும்டே" என்பீர்கள். "அப்போ பொண்ணு கேட்டுப் போவோமா அத்தான்?" என்பேன். சோற்றுக் கையோடு அடிக்க வருவீர்கள். இப்போது நான் யாரைக் கேலி செய்வது?

நம் நாகர்கோவில் பக்கமெல்லாம் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டது, நாம் குடியிருக்கிற இந்த ஊர் மலையாள ராஜ்யத்தில் நின்றுவிட்டது, தெரியுமா? அக்காவும் அங்கேயே போய்விடுகிறேன் என்று பெட்டி கட்டிவிட்டாள். நீங்கள் போனபிறகு வீட்டில் நானும் அவளும்தான். கல்யாணம் காட்சி இல்லாத எனக்கு இந்த ஊரில் வேறு யார்? "போகாதே" என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிற வாய்தான்.

இன்று காலை புறப்படும்போது, கரையிறங்கிய அன்று அந்த மாவோரிக்காரன் உங்களுக்குக் கொடுத்த கம்பளிக் கோட்டை என்னிடம் நீட்டினாள். பொன்முடி மலைக் குளிருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்பீர்களே, போகவே இல்லையே நாம்.

"வச்சுக்கோலே. அவரு வீட்டுலயே இருக்கதா நெனச்சுக்கோ."

போட்டுப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அவருக்கு இம்புட்டு வயிறு இல்லலே" என்றாள். சிரித்தாளா, அழுதாளா? அவளை அறிந்தவர் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

அவள் எந்த ராஜ்யத்தில் இருந்தாலும் ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொள்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

கோட்டுப் பொத்தான் அவிழவில்லை. அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இழுத்துப் பார்த்தாள். அப்புறம் தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தாள். நாகர்கோவில் பஸ் போய்விட்டது.

இப்படிக்கு,
கொத்திக்குள் இருக்கும் உங்கள் மைத்துனன்