லண்டன் ஒன்பதரை

3.3.83, வியாழன்

காலையிலேயே அனல். எதிர்மலையில் புகை, காடு எரிகிறது போல. ஜமுனாமரத்தூர் கடைக்குப் போய் வந்தேன்: அரிசி, மண்ணெண்ணெய், பல்பொடி. தக்காளி அழுகல். பி.ப. டீசல் லாரி வந்தது.

சாயங்காலம் பார்த்தால் ஆன்டெனா கேபிள் இல்லை. அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், செம்புக்காக. செயற்கைக்கோள் சொல்லும் நேரத்தை வைத்துத்தான் நம் கடிகாரத்தைத் திருத்துவது. நட்சத்திரம் பார்க்கும் முகாமில் நேரம் பிசகினால் மிச்சமெல்லாம் வேடிக்கை பார்ப்பதுதான். முகாம் அதிகாரி போலீசுக்குச் சொல்லிவிட்டு வேலூர் போய்விட்டார்.

4.3.83, வெள்ளி

ஏட்டு வந்தார். வந்ததும் காவலாள் வெள்ளையனின் சட்டையைப் பிடித்தார். மலைக்காரன் என்றால் இவர்களுக்குப் போதும்.

"நான் இன்னாத்துக்குங்க எடுக்கப் போறேன்? இந்த வேலைலதான வூட்ல அடுப்பு எரியுது."

சட்டென்று ஒரு யோசனை. செயற்கைக்கோள் ரிசீவர் அச்சடித்த காகிதம்! சிக்னல் அறுந்த நேரம் அதில் இருக்கிறது: 09.30. நமக்கு மதியம் மூன்று. மூன்று மணிக்கு அவன் என்னோடு ரோட்டில் டீசல் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தான். பிழைத்தான் என்று சந்தோஷமாகக் கிழித்துக் கொடுத்தேன்.

"ஒம்போதரைன்னு போட்ருக்கு. ஒம்போதரைக்கு இவன் எங்க இருந்தான்?"

"இங்கதான், தனியா. நான் கடைக்குப் போயிருந்தேன். ஆனா அது லண்டன் நேரம்ங்க. அஞ்சரை மணி கூட்டணும்."

"கேபிளு லண்டன்லயா சார் காணாம போச்சு?"

கூட வந்த போலீஸ்காரர் சிரித்தார். இழுத்துக்கொண்டு போனார்கள்.

5.3.83, சனி

அதிகாரி வரவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்தேன். வெயில், செருப்பு வார் அறுந்தது. காகிதத்தைத் திருப்பிக் கேட்டேன். "அதான் சார் முக்கியமான சாட்சியே" என்றார் ஏட்டு. உள்ளே அடி விழும் சத்தம். வாசலில் வெள்ளையனின் மனைவி. என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டாள்.

சோறு பொங்கினேன். சாப்பிடவில்லை. அந்தக் காகிதத்தை ஏன் கொடுத்தேன்? அறிவு கெட்டவன் நான்.

6.3.83, ஞாயிறு

அதிகாரி வந்தார். உடனே ஜீப்பில் கிளம்பினோம். அஞ்சரை மணிக் கணக்கைப் பொறுமையாக விளக்கினார். ஏட்டு கேட்டுக்கொண்டார். பிறகு, "அவனே ஒத்துக்கிட்டான் சார். ஒம்போதரைக்குத்தான் அறுத்தானாம்" என்றார்.

கம்பிக்குப் பின்னால் வெள்ளையன். உதடு வீங்கி, ஒரு கண் மூடி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"ஒம்போதரைன்னு கரீட்டா சொல்லிட்டேன் சார். நீங்க குடுத்த சீட்டுல அதான போட்ருக்கு? வுட்ருவாங்க இல்ல?"