பதுவை ஊர் டிராம் டிக்கெட்

சேசு மரி சூசை

பதுவை, இத்தாலி
2 ஜூன் 1909

என் மகள் லூர்துவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது.

நான் சுகம். கன்னியர் மடத்தில் எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். தலையணை கல்லாக இருக்கிறது. சமைப்பதைவிட உன்னைப் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை என்று தங்கத்திடம் சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு அது நினைவிருக்கிறதா என்று கேள்.

நேற்று முதல் செவ்வாய். உனக்காக அந்தோனியார் கல்லறையில் ஒன்பது செவ்வாய் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நான் செய்த நேர்ச்சையில் ஒன்று முடிந்தது. உனக்கு இருபத்தெட்டு வயது ஆகிறது. தொலைந்த சாவியையெல்லாம் தேடித் தருகிறவர் ஒரு தகுந்த மாப்பிள்ளையைத் தேடித் தரமாட்டாரா?

மடத்திலிருந்து கோயிலுக்கு டிராமில்தான் போக வேண்டும். நம் சிராங்கூன் ரோட்டில் ஓடுவது போன்ற வண்டிதான். ஆனால் இந்தச் சின்ன ஊரில் யார் முதலில் வந்து நின்றார் என்ற கணக்கே கிடையாது. முழங்கை நீண்டவர் முதலில் ஏறுகிறார். கண்டக்டர் மீசையை முறுக்கி விட்டிருக்கிறான். நான் நல்ல பிரெஞ்சில் கேட்டதற்கு ஒரு சின்ன ஊதுகொம்பை ஊதிக் காட்டினான். டிக்கெட்டின் மை விரலில் ஒட்டியது. ஜன்னல் வழியே போட்டுவிட்டேன். சற்று தூரத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவன் ஏறினான். வண்டி நிறைய ஆட்கள் இருக்க, நேரே என்னிடம் வந்து கையை நீட்டினான். எல்லோரும் பார்க்க இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று. டிக்கெட் இல்லாமல் ஏறியவள் என்று என்னை நினைத்திருப்பார்கள். கண்டக்டரும் இன்ஸ்பெக்டரும் கூட்டு என்பது என் சந்தேகம். இனி ஒவ்வொரு டிக்கெட்டும் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கும்.

திரும்பும்போது, காலையில் இறங்கிய அதே இடத்தில் நின்று ஏறினேன். வண்டி என்னை ஊருக்கு வெளியே ஒரு சோளக்கொல்லையில் கொண்டுபோய் இறக்கியது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கப்பலேற்ற வந்த அன்று நீ அழவில்லை. "ஒன்பது செவ்வாயும் முடிச்சிட்டே வாங்கம்மா" என்று மூன்று முறை சொன்னாய். ஒரு முறை போதாதா?

அம்மா,
பிலோமினம்மாள்


டன்லப் தெரு, சிங்கப்பூர்
28 ஜூன் 1909

அன்புள்ள அம்மாவுக்கு லூர்து பணிவுடன் எழுதுவது.

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நாங்கள் சுகம். தங்கம் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டுத்தான் பாத்துக்கிறேன்னு எழுது. எண்ணெய் தீந்துபோச்சு, வாங்கணும்னும் எழுது."

அம்மா, அன்று நான் அழுதிருந்தால் நீங்கள் கப்பலை விட்டு இறங்கியிருப்பீர்கள். கப்பல் கண்ணுக்கு மறைந்த பிறகு அழுதேன், தங்கத்துக்குத் தெரியும். அப்பா போன இந்த ஆறு வருஷமும் எனக்கு வரன் பார்ப்பதைத் தவிர நீங்கள் வேறு ஊர் பார்க்கவில்லை, வேறு முகம் பார்க்கவில்லை. அதனால்தான் மூன்று முறை சொன்னேன். வரன்களிலும் ஒருவருக்குக் கையெழுத்து சாய்ந்திருந்தது, ஒருவர் பூசையில் கொட்டாவி விட்டார். மூன்றாமவர் செய்த குற்றம் எனக்கு இன்றுவரை தெரியாது.

டிராமைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். எல்லா ஊர் டிராமுக்கும் ஒரே குணம்தான். டிக்கெட்டை நீளவாக்கில் மடித்து மோதிர விரலில் செருகிக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டர் வளைவில்தான் ஏறுவார். வண்டி அங்கேதான் மெதுவாகப் போகும். உங்களிடம் முதலில் வந்தது நீங்கள் புதியவர் என்பதால்தான், கூட்டுச் சதி இல்லை. கூரை மேல் உள்ள நீண்ட கம்பியைப் பாருங்கள். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, வண்டி அதற்கு எதிர்ப்பக்கம் போகும். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் இறங்கிக் கயிற்றைப் பிடித்து அதைத் திருப்புவார். மழை நாளில் அதற்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும், இல்லாவிட்டால் பொறி பறக்கும். அந்த மீசைக்காரரைக் கோபிக்காதீர்கள். நாள் முழுதும் செப்புக் காசைத் தொட்டுத் தொட்டு மாலைக்குள் விரலெல்லாம் பச்சையாகிவிடும், பாவம். எலுமிச்சை தேய்த்தால்தான் போகும்.

உங்கள் அன்பு மகள்,
லூர்து


பதுவை
28 ஜூலை 1909

லூர்துவுக்கு.

நேற்று ஒன்பதாவது செவ்வாய். கோயிலிலிருந்து திரும்பும்போது கூரைக் கம்பியைப் பார்த்து ஏறினேன். வழி தவறாமல் மடம் வந்து சேர்ந்தேன். இத்தனை வாரத்தில் இதுதான் முதல் தடவை. நீ சொன்னது எல்லாம் சரியாக இருந்தது. என் கவலையும் அதுதான்.

தஞ்சோங் பகார் பள்ளிக்கூடத்துக்கு நீ நான்கு வருஷமாக டிராமில் போகிறாய். நான்கு வருஷத்தில் டிராமைப் பற்றி என்னிடம் சொன்னது, கூட்டம் அதிகம் என்பது ஒன்றுதான். இப்போது இன்ஸ்பெக்டர் ஏறும் இடம் தெரிகிறது, மழை நாளில் கயிறு பிடிக்கும் பழக்கம் தெரிகிறது. இவை பயணிக்குத் தெரிகிற விஷயங்கள் அல்ல. டிராமில் போகிறவள் கண்டக்டரின் விரல் பச்சையாவதைப் பார்க்கலாம். எலுமிச்சை தேய்த்தால் அது போகும் என்பதை எங்கே பார்த்தாள்?

வேத வசனம் எழுதி மழுப்பாதே. அது யாருடைய விரல்?

உன் அப்பா கப்பல் கம்பெனியில் தலைமை கிளார்க்காக இருந்தவர். அதை நினைவில் வைத்துக்கொண்டு பதில் எழுது. பினாங்கு கன்னியர் மடத்துக்கு அனுப்பு, கப்பல் அங்கே நிற்கும்போது வாங்கிக்கொள்கிறேன். நான் செப்டம்பர் பத்தாம் தேதி சிங்கப்பூர் வந்து சேர்வேன்.

அம்மா


சிங்கப்பூர்
23 ஆகஸ்ட் 1909

அன்புள்ள அம்மாவுக்கு.

மழுப்பவில்லை. அவர் பெயர் அருளப்பன். முப்பத்திரண்டு வயது. நாகப்பட்டினத்துக்காரர், பினாங்கில் இருந்தவர். நீங்கள் கப்பலேறிய மறு வாரம்தான் இந்த ஊருக்கு வந்தார். உங்களை அவர் பார்த்ததே இல்லை. சிராங்கூன் ரோட்டு டிராமில் கண்டக்டர். இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு, கம்பி பட்டது. ஓபிர் ரோட்டுக் கோயிலில் முதல் பூசைக்கு வருகிறவர்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் தங்கம் அவர் கையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பச்சை குத்திக்கிட்டீங்களா? ஒரு எலுமிச்சம்பழம் வாங்கக்கூடவா ஆளில்லை?" என்று கேட்டாள். "ஆளில்லைங்க அக்கா, அதான் இப்படி" என்றார். எலுமிச்சை கொடுத்தது தங்கம். தேய்த்தது அவரேதான். நான் நான்கடி தள்ளி நின்றேன். அதற்குப் பிறகும் நின்ற இடம் அதுவே.

நீங்கள் வந்ததும் முறையாக வந்து உங்களிடம் கேட்க வேண்டும் என்கிறார். வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் பினாங்குக்கே திரும்பிவிடுவார். உங்கள் சொல்லை நான் மீற மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நான்காவது வரன் என்று யாரையும் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள். நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இருந்துவிடுகிறேன். கோபத்தில் எழுதவில்லை, அம்மா.

லூர்து


கன்னியர் மடம், விக்டோரியா தெரு, சிங்கப்பூர்
31 ஆகஸ்ட் 1909, செவ்வாய்

லூர்துவுக்கு.

தேதியையும் இடத்தையும் பார்த்துப் பயப்படாதே. முந்திய கப்பலில் இடம் கிடைத்தது, சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லிவிட்டு வந்தால் எல்லோரும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள். உன் கடிதம் பினாங்கில் கிடைத்தது.

இன்று காலை துறைமுகத்தில் பெட்டிகளை இந்த மடத்து மதர் கமில்லாவிடம் ஒப்படைத்துவிட்டு டிராம் நிறுத்தத்தில் நின்றேன். இரண்டு வண்டிகளைப் போகவிட்டேன். மூன்றாவதில் தழும்பு இருந்தது. ஏறினேன். அவன் வந்ததும், ஜெபப் புத்தகத்திலிருந்து பதுவை டிக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெரியம்மா, இது எந்த ஊரு டிக்கெட்டுன்னு தெரியலைங்க. அழகா இருக்கு. ஆனா இங்க செல்லாதுங்க."

"அருளப்பன் நீதானே? நான் டன்லப் தெரு லூர்துவின் அம்மா" என்றேன்.

அவன் கை தோல்பையைப் பிடித்துக்கொண்டது. பின்னால் இருந்த சீனர் ஒருவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டி ஒரு வளைவு முழுவதும் திரும்பி முடித்தது. பிறகு சொன்னான்: "ரொம்ப சந்தோஷங்கம்மா. டிக்கெட் மட்டும் வாங்கிடுங்க."

தானே வாங்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருக்கும்.

வாங்கினேன். பதுவை டிக்கெட்டை நீளவாக்கில் மடித்துத் திருப்பிக் கொடுத்தான். இறங்கும்போது கை கொடுக்க வரவில்லை, அதுவும் சரி. டிரைவர் மணியடித்ததும் "நந்தி, நந்தி" என்று மலாயில் பொறுக்கச் சொல்லி, என் இரண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் வண்டியை விட்டான்.

எனக்கு இன்னொரு சந்தேகம் இருக்கிறது. நான் முதல் மெழுகுவர்த்தி ஏற்றியது ஜூன் முதல் தேதி. இவன் மே மாதமே இங்கு வந்துவிட்டான். அப்படியானால் அந்தோனியார் யாருடைய வேண்டுதலைக் கேட்டார்? மதர் கமில்லாவிடம் கேட்டேன். சிரிக்கிறார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

கண்டக்டர் உத்தியோகம் இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது. அது இறங்குமா என்று இப்போது சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வரச் சொல். சீருடையிலேயே வரட்டும், ஒளிக்க ஒன்றுமில்லை. இன்று ஒரு நாள் இங்கே ஓய்வெடுத்துவிட்டு நாளை வருகிறேன். இந்தக் கடிதத்தை மடத்துத் தோட்டக்காரர் கொண்டு வருவார்.

பதுவை டிக்கெட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். மடிப்பைப் பிரிக்காதே.

சனிக்கிழமை சந்தையில் தங்கத்தை எலுமிச்சை வாங்கச் சொல். நல்ல சாறு உள்ளதாக, தோல் மெல்லியதாகப் பார்த்து வாங்கட்டும்.

அம்மா,
பிலோமினம்மாள்