சேற்றில் சிக்காத வண்டி

1983, ஐப்பசி, வெள்ளி இரவு.

சேலம் பட்டறையில் இன்று பிக்கப் வண்டிக்குப் பெரிய சக்கரம் மாட்டினேன். ஸ்டீயரிங் கல்லாய்க் கனக்கிறது. வளைவில் டயர் மட்கார்டில் உரசுகிறது. ஆனால் வீடு திரும்பும் வழியில், அண்ணன் விவசாயம் பார்க்கும் காட்டோரச் சேற்றை வண்டி ஒரே மூச்சில் தாண்டிவிட்டது.

சொத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து அண்ணனோடு பேச்சில்லை. மழைக்காலத்தில் வண்டி அங்கே சிக்கினால் மட்டும் பலகையோடு வந்து, சக்கரத்தடியில் வைத்துத் தள்ளிவிடுவார். அந்தச் சாக்கில் நாலு வார்த்தை பேசிக்கொள்வோம்.

இன்றும் வண்டிச் சத்தம் கேட்டுப் பலகையோடு நின்றிருந்தார்.

"சிக்கலையா சாமி?"

"இல்லீங்ண்ணா. பெரிய சக்கரம் போட்டுட்டனுங்க."

"அப்பச் செரி."

பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

கழற்றிய சக்கரங்களைப் பட்டறையிலேயே போட்டுவிட்டு வந்தேன். விடிந்ததும் போய் அவற்றையே திரும்ப மாட்டித் தரக் கேட்க வேண்டும். அதற்குள் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள்.